அம்மா கொண்டு வராத வெயில்

பட்டாணிக்கு ஐந்து வயது. ஆள்தான் பட்டாணி அளவு. பிடிவாதமோ பூசணிக்காய் அளவு. அன்று மாலை அவன் வாசலை மறித்து, அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“போகாதேம்மா! நீ போனா இருட்டாயிடுது!”

அம்மாவுக்கு பேக்கரியில் இரவு வேலை. ஊர் தூங்கும்போது மாவு பிசைந்து ரொட்டி சுடுவாள். விடியும்போது வீடு திரும்புவாள். அவள் கிளம்பினால் இருட்டும். திரும்பினால் வெளிச்சம் வரும். ஆகவே, வெயிலை அம்மாதான் எடுத்துக்கொண்டு போய் மறுபடி கொண்டு வருகிறாள் என்று பட்டாணி தானாகவே முடிவு கட்டியிருந்தான்.

வெயில்காலம் முழுக்க இந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. குளிர்காலம் வந்ததும் பிடித்தது வினை! அம்மா வழக்கமான நேரத்துக்குத்தான் வந்தாள். வெளியே கும்மிருட்டு. பட்டாணி அவள் பையைத் துழாவிப் பார்த்தான்.

“வெயில் எங்கம்மா? தொலைச்சுட்டியா?” என்று ஒரே அழுகை. அன்றிலிருந்து அவளை வேலைக்கு விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்.

“அடுப்பு காத்துக்கிட்டு இருக்குடா கண்ணா. இன்னொரு நாள் லேட்டா போனா, வேற ஆள் வெச்சுப்பேன்னு முதலாளி சொல்லிட்டாரு.” அம்மா அவன் கைகளை மெல்ல விலக்கப் பார்த்தாள்.

பட்டாணியின் அக்காவுக்கு வயது பத்து. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். “நீ கிளம்பும்மா, இவனை நான் பார்த்துக்கறேன்” என்று தம்பியை அலாக்காகத் தூக்கினாள். அவன் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அம்மா ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

அப்பா தையல்காரர். அவரிடமிருந்து ஒரு பொத்தான் வாங்கி, பந்தின் மேல் ஒட்டினாள் வாயாடி. விளக்கை அணைத்து டார்ச்சைப் பிடித்தாள்.

“இந்தப் பந்துதான் பூமி. பொத்தான் நம்ம வீடு. டார்ச் சூரியன். பார், பூமி சுத்தும்போது நம்ம வீடு இருட்டுக்குள்ள போகுது. அதான் ராத்திரி. இன்னும் சுத்தினா வெளிச்சத்துக்கு வருது. அம்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.”

“நாம சுத்தறோமா? எனக்குத் தலை சுத்தலையே! அப்பா, உங்களுக்குச் சுத்துதா?”

“உங்க ரெண்டு பேரையும் பார்த்தா சுத்துது” என்றார் அப்பா, ஊசியில் நூலைக் கோத்தபடி.

பட்டாணி பந்தை உதைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். வாயாடி பந்தைத் தேடி எடுத்தாள். அவளும் புத்தகத்தில் இருந்ததைத்தானே ஒப்பித்தாள்? பூமி சுற்றுவதை அவள் மட்டும் கண்ணால் கண்டாளா என்ன!

வெகுநேரம் புரண்டு புரண்டு யோசித்தாள். அம்மா வருவதற்கு முன்பே எழுந்து, அப்பாவிடம் சொல்லிவிட்டு, தம்பியை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனாள்.

அடேயப்பா! வானம் முழுக்க நட்சத்திரங்கள். பட்டாணி அழுவதற்கு வைத்திருந்த வாயைத் திறந்தபடியே நின்றான்.

வாயாடி அவன் தலையைச் சுவரோடு சேர்த்து வைத்தாள். “ஆடாதே, அசையாதே. அந்தத் தண்ணித் தொட்டிக் குழாய்க்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம் தெரியுதா? அதையே பாரு.”

பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். நட்சத்திரம் குழாயை ஒட்டியது. பிறகு, பின்னால் போய் மறைந்தே விட்டது!

“அக்கா! அது ஓடிப் போச்சு!”

“அது ஓடலைடா. நாமதான் சுத்தறோம். நீ, நான், வீடு, தெரு எல்லாம் சேர்ந்து.”

சொல்லும்போதே வாயாடிக்கு உடம்பு சிலிர்த்தது. காலடியில் இருந்த மாடி, அதன் கீழே வீடு, அதற்கும் கீழே இவ்வளவு பெரிய பூமி. எல்லாம் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது! அவள் தம்பியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பயமாகவும் இருந்தது, ஆனந்தமாகவும் இருந்தது.

கீழே கதவு திறந்தது. அம்மா களைத்துப்போய் மாடியேறி வந்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வானம் இன்னும் இருட்டாகவே இருந்தது.

“அம்மா வந்தாச்சு, வெயில் வரலையே” என்றான் பட்டாணி சின்னக் குரலில்.

“பூமி கொஞ்சம் சாய்ஞ்ச மாதிரி சுத்துதுடா. அதனால குளிர்காலத்துல நம்ம பக்கம் வெளிச்சத்துக்கு வர லேட்டாகும். ராத்திரி நீளம், பகல் குட்டை. அவ்வளவுதான். பொறுத்துப் பாரு” என்றாள் வாயாடி.

காத்திருந்தார்கள். கிழக்கே சாம்பல் நிறம் வந்தது, பிறகு ரோஜா நிறம் வந்தது. நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மங்கின. கடைசியில், கூரைகளுக்கு அப்பால் சிவப்பாகச் சூரியன் எட்டிப் பார்த்தது.

“தானாவே வந்துடுச்சு!” பட்டாணி குதித்தான். “யாரும் கொண்டு வர வேணாம்! அம்மா, இனிமே நீ வேலைக்குப் போ. நான் அழ மாட்டேன்.”

“சரிங்க முதலாளி” என்று அம்மா சிரித்தாள். அவனை அணைத்து முத்தமிட்டாள். சுவரில் சாய்ந்தவள், அப்படியே கண்ணயர்ந்து விட்டாள்.

வெயில் ஏறியது. அம்மாவின் முகத்தில் சுள்ளென்று விழுந்தது. அவள் தூக்கத்திலேயே முகத்தைச் சுளித்தாள். பட்டாணி ஓசைப்படாமல் எழுந்தான். சூரியனுக்கு முதுகைக் காட்டி அம்மாவுக்கு எதிரே போய் நின்றான். அவன் நிழல் அவள் முகத்தை மூடியது.

“என்னடா பண்றே?” என்று கிசுகிசுத்தாள் வாயாடி.

“உஷ்! அம்மாவுக்கு ராத்திரி போட்டிருக்கேன்.”

வாயாடியும் போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள். அம்மாவின் ராத்திரி இன்னும் கொஞ்சம் பெரிதாயிற்று.