பனங்காணிக்குள் இத்தாலி விமானம்

தொண்ணூறாம் ஆண்டு ஆடி மாதம் கோட்டைச் சண்டைக்குத் தப்பி, சத்தியபாமாவும் கணவன் குலசிங்கமும் யாழ்ப்பாணத்திலிருந்து புங்குடுதீவுக்கு வந்து சேர்ந்தார்கள். கொழும்பிலிருந்த உறவினர் ஒருவரின் பூட்டிக் கிடந்த வீடு. அன்றிரவு இருவரும் அடித்துப் போட்டதுபோல் தூங்கினார்கள்.

விடிந்த பிறகுதான் பின்வளவில் சத்தியபாமா அதைக் கண்டாள். பனைகளுக்கு நடுவே, பாதி மண்ணில் புதைந்த ஒரு சின்ன விமானம். சிறகுகள் இல்லை. ஜன்னல்களை மண்மூட்டைகள் அடைத்திருந்தன.

“இத்தாலியில செய்தது,” என்றாள் பக்கத்து வீட்டு நாகமுத்து. “உலக யுத்தம் முடிஞ்ச கையோட. ரெண்டு எஞ்சின், ஆறு கதிரை. கனக்கச் செய்யேல்லையாம். கடலுக்க விழுந்ததை இந்த வீட்டுக்காரர் மாடு கட்டி இழுத்துக்கொண்டு வந்தவர். உள்ள இருந்த ஆக்கள் ஒருத்தரும் கிடைக்கேல்லை. உதுக்குள்ள போகாதேங்கோ, பிள்ளையள்.”

குலசிங்கம் சிரித்தான். “குண்டு போடுற பொம்பருக்குப் பயப்பிடுறதோ, பேய்க்குப் பயப்பிடுறதோ? ஒளிஞ்சிருக்க, வெட்டாமல் கிடைச்ச பங்கர், பாமா.”

அந்தக் கிழமையே, ஒரு மத்தியானம், பொம்பர் வந்தது. சோறு வடித்துக்கொண்டிருந்தவளைக் குலசிங்கம் இழுத்துக்கொண்டு ஓடி, விமானத்துக்குள் தள்ளி, தானும் நுழைந்தான்.

உள்ளே கும்மிருட்டு. பாசி மணம். ஆடி வெயிலிலும் தரை சொதசொதத்தது. தடவித் தடவி ஓர் இருக்கையில் அமர்ந்தாள்.

தோளோடு இன்னொரு தோள் உரசியது.

சில்லிட்டிருந்தது.

“நீங்களோ?” என்றாள் மெதுவாக.

“நான் இஞ்ச, முன்னுக்கு இருக்கிறன்.”

பக்கத்தில் யாரோ மூச்சுக்குத் திணறினார்கள். மூழ்குகிறவரின் திணறல். பின்னாலும் கேட்டது.

“இஞ்சாருங்கோ, எழும்புங்கோ! வெளியில போவம்!”

“விசரே உமக்கு? குண்டு போடப்போறான்!”

அவள் தவழ்ந்து வெளியே வந்து மணலில் விழுந்தாள். பொம்பர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கோட்டைப் பக்கம் போனது.

குலசிங்கம் வரவில்லை.

நாகமுத்து டோர்ச் அடித்துப் பார்த்தாள். முன் இருக்கையில் நிமிர்ந்து இருந்தான். ஒரு கீறல் இல்லை. தொட்டதும் வாயாலும் மூக்காலும் கடல்நீர் கொட்டியது.

“குண்டுக்குப் பயந்துதானே அக்கா ஓடிவந்தனாங்கள்,” என்றாள் சத்தியபாமா. “ஒரு குண்டும் விழேல்லையே.”

அன்றே ஊரவர்கள் அந்த விமானத்தை மண் போட்டு மூடினார்கள்.

மறுநாள் பாடையைத் தூக்கினபோது இரட்டை எஞ்சின் இரைச்சல் கேட்டது. பாடையைப் போட்டுவிட்டு எல்லாரும் குப்புற விழுந்தார்கள். அவள் மட்டும் நின்றபடி அண்ணாந்து பார்த்தாள்.

வானத்தில் ஒன்றுமில்லை.

விழுந்து கிடந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலை தூக்கினார்கள். இரைச்சல் அவர்களின் நெஞ்சுக்குக் கீழே, நிலத்துக்குள்ளால் போய்க்கொண்டிருந்தது.