முந்தைய மதிப்பு

பிச்சைக்கனியின் இதயத்துடிப்புக்கு மாதம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய். துடிப்பை எண்ணித் திரையில் காட்டும் கம்பெனியிலேயே மகள் வேலை பார்ப்பதால் பாதி விலை. பழவங்காடிக் கடைத்தெருவில் நாற்பது வருஷம் பாத்திரம் விற்ற மனிதர், மணிக்கட்டில் துடிப்பு எண்ணும் பட்டையைக் கட்டிய அன்றே பேரத்தைத் தொடங்கிவிட்டார். “எளுவத்திரண்டா? ரெண்டைத் தள்ளி எளுவதுக்கு முடி மக்ளே.”

இன்று அந்த எழுபத்திரண்டு அசையவே இல்லை.

கழக்கூட்டத்து வாடகை ஃபிளாட்டில், மழை இருட்டிக்கொண்டு வந்த சாயங்காலத்தில், மீட்டிங் முடிந்து ஹெட்போனைக் கழற்றிய கலைச்செல்வி அப்பாவின் கோட்டைத் திரையில் பார்த்தாள். நூல் பிடித்தது போல நேராக ஓடியது. பக்கத்து அறையில் கட்டில் முனகியது, ஒரு வறட்டு இருமல், பிறகு அவர் குரல்: “மக்ளே, சாயா போடுதியா?” மீட்டிங்குக்கு நடுவே போட்டு வைத்ததுதான். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். டம்ளரில் ஆடை கட்டியிருந்தது, அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

நேர்க்கோட்டின் காரணம் அவளுக்குத் தெரியும். வந்து குவியும் துடிப்புகளை ஐந்து நிமிடக் கட்டுகளாகக் கட்டித் தர, மேக்ரோ என்ற ஒரு சுருக்கச்சொல் போதும். எதுவும் வராத கட்டு வெறுமையாக நின்றால் கோடு அறுந்துவிடும். அறுந்த கோட்டைக் கண்டு, ஊரில் பெற்றோருக்குப் பட்டை கட்டிவிட்டுத் துபாயில் இருக்கிற பிள்ளைகள் அலறிக்கொண்டு போன் போடுகிறார்கள் என்று, மேலதிகாரி ரெஜி போன மாதம் அலுத்துக்கொண்டான். “முன்னாடி வந்த நம்பரை இட்டு நெரப்பிரு கேட்டோ. யாரு நோக்கப் போறா?” அவளும் மேக்ரோவின் கடைசியில் ‘முந்தையது’ என்று சேர்த்தாள். நல்ல சரக்கோடு சொத்தையும் தராசு ஏறிற்று.

பட்டை கழன்றிருக்கும், அவ்வளவுதான்.

கட்டில் முனகியது. இருமல். “மக்ளே, சாயா போடுதியா?”

அதே இழுப்பு. அதே மூச்சு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை.

‘முந்தையது’ என்ற அந்த ஒரு சொல்லை அழித்து மேக்ரோவை ஓடவிட்டாள். கோடு மூன்று மணியோடு நின்றது. அதற்கப்புறம் திரை முழுக்க வெறுமை.

பக்கத்து அறை அடங்கியது. மழை மட்டும். ஐந்து நிமிடம் போயிற்று. பத்து.

“அப்பா?”

போய்ப் பார்த்தாள். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தார். பட்டை கழலவில்லை, மணிக்கட்டில் இறுக்கமாகத்தான் இருந்தது. கையைத் தொட்டாள். விறைத்திருந்தது. குளிர்ந்து சில மணி நேரமான கை அது.

திரைக்கு ஓடி வந்தாள். மறுபடி தட்டினாள்: முந்தையது.

அறுந்த கோடு சேர்ந்துகொண்டது. கட்டில் முனகியது. இருமல்.

“மக்ளே, சாயா போடுதியா?”

“போடுதேன்ப்பா,” என்றாள். எழுந்திருக்கவில்லை. வந்ததையும் நிரப்பியதையும் தனித்தனியாக எண்ணித் தரும்படி திரையைக் கேட்டாள். அது ஒளிக்கவில்லை.

மூன்று மணிக்குப் பின் வந்தது: பூஜ்யம்.

நிரப்பியது: நாற்பத்தொன்று.

கட்டில் முனகியது.

நாற்பத்திரண்டு.