சோதித்தேன், சரி

செவ்வாய்க் கிரகத்தின் ஆம்பலூரில் வேலை முடிந்து வருகிறவர்கள் வாசலறையில் காத்திருந்துதான் வீட்டுக்குள் வர முடியும். வெளிக்கதவு மூடும், காற்று நிரம்பும், தலைக்கவசத்தைக் கழற்றலாம். பிறகுதான் உள்கதவு திறக்கும். அதுவரை ஆரூரன் பெஞ்சில் உட்கார்ந்து, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி காலணியைக் கழற்றுவான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவன் மனைவி செம்மலர் காபியோடு நிற்பாள்.

கதவு, காற்று, வெப்பம் எல்லாவற்றையும் நடத்துவது 'காப்பான்' என்ற மென்பொருள். அதற்கு முதலாளி கிடையாது. எல்லா ஊர்க்காரர்களும் சேர்ந்து எழுதி, சேர்ந்து திருத்துவது. யாராவது மூன்று பேர் 'சோதித்தேன், சரி' என்று போட்டால் போதும், புதிய பதிப்பு அந்த நொடியே எல்லா வீடுகளுக்கும் போய்விடும். பதிப்புகளைத் தொகுத்து வெளியிடுவது செம்மலரின் பொறுப்பு. இன்று காலைகூட ஒன்றை வெளியிட்டிருந்தாள்.

மாலையில் கோடியூரிலிருந்து, காப்பானைத் திருத்துகிறவர்களில் ஒருவனான மாசிலன் பதறிக்கொண்டு அழைத்தான்.

"அக்கா, புதுப் பதிப்பு ஆள் அசையலைன்னா வாசலறை காலின்னு நினைச்சுக்குது. மிச்சம் பிடிக்கிறேன்னு காற்றை உறிஞ்சிடுது. எங்க பெரியப்பா மயங்கிட்டார். நாலு பேர் சேர்ந்து கதவை உடைச்சுத் தூக்கினோம்."

"நீதானேடா முதல்ல 'சரி' போட்டே?"

"உங்க வெளியீடு, தப்பா இருக்குமான்னு போட்டேன். ஏன், நீங்க சோதிக்கலையா?"

செம்மலர் வாசலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "எப்படியும் மூணு பேர் சோதிப்பீங்களேன்னு விட்டுட்டேன்."

வெளிக்கதவு மூடும் சத்தம் கேட்டது. ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் ஆரூரன் கவசத்தைக் கழற்றி மாட்டிவிட்டு, களைப்பில் பெஞ்சில் அசையாமல் சாய்ந்திருந்தான். முதுகிலிருந்த காற்றுக்குடுவை காலி. அறையின் காற்று ஏற்கெனவே குறைந்து, உள்கதவு பூட்டிக்கொண்டுவிட்டது.

"என்னங்க! எழுந்து ஆடுங்க!" என்று ஒலிபெருக்கியில் கத்தினாள்.

"ஆடணுமா? வேலை முடிஞ்சு வந்தவனைப் பார்த்தா கிண்டலா இருக்கா?"

"கை காலை அசைச்சுக்கிட்டே இருங்க. நிறுத்தினா காற்று போயிடும்!"

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் எழுந்தான். ஆடத் தொடங்கினான். "கல்யாணத்தன்னிக்கு ஆட மாட்டேன்னேன். அதுக்கா பழிவாங்கறே?" என்று இரைக்க இரைக்கக் கேட்டான்.

கதவை உடைக்க ஆள் வரும்வரை தாங்க மாட்டான். பழைய பதிப்பைத் திரும்பப் போட வேண்டும். அதுவும் ஒரு வெளியீடுதான், அதற்கும் மூன்று 'சரி' வேண்டும். செம்மலர் திரையில் புதிய வெளியீட்டைத் திறந்து, 'அவசரம்' என்று தலைப்பிட்டாள். பழைய பதிப்பின் கோப்பு எங்கே என்று தேடினாள்.

திரை மணியடித்தது. 'சோதித்தேன், சரி.' மறுபடி. 'சோதித்தேன், சரி.'

"இருங்க! இன்னும் எதையும் சேர்க்கவே இல்லை!"

மூன்றாவது மணி.

தலைப்பு மட்டுமே இருந்த அந்த வெறும் பதிப்பு செவ்வாயின் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அவள் தலைக்கு மேலே காற்று விசிறி மெல்லத் தளர்ந்து நின்றது. கதவின் விளக்குகள் அணைந்தன. ஒலிபெருக்கியும் செத்துவிட்டது. கண்ணாடிக்கு அப்பால், எதுவும் தெரியாத ஆரூரன் அவளைப் பார்த்துச் சிரித்தபடி இன்னும் ஆடிக்கொண்டிருந்தான்.

மின்கலத்தில் ஓடிய திரை மட்டும் இன்னொரு முறை மணியடித்தது.

'சோதித்தேன், சரி. அருமையான பதிப்பு. வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது!'