நெஸ்ஸா வெட்டிய இரண்டு சொற்கள்

கோல்மனின் வீட்டுக்கு நெஸ்ஸா வந்து சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. கனமாராக் கடலோரத்துக் கல்வேலிகளில் இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கையில் அச்சு வாசனை போகாத புத்தகம், பின்னால் ஏழு வயது மகள் ஏத்னா. கோல்மன் சொன்ன பழங்கதைகளைத் திருத்தி, பிள்ளைகளுக்கான புத்தகமாகக் கால்வே நகரில் வெளியிட்டவள் நெஸ்ஸாதான். நேரில் கொடுத்து, அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று ஆசையாக வந்திருந்தாள்.

ஏத்னா நாயோடு விளையாட முற்றத்திலேயே நின்றுவிட்டாள். நெஸ்ஸா மட்டும் உள்ளே போனாள்.

கோல்மன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்து முதல் கதையைப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"'கடவுள் காக்க' எங்க?"

"எடுத்துட்டேன். கதையில வர்ற பொண்ணைப் புகழ்றப்பல்லாம் கூடவே அதையும் சொல்லியிருந்தீங்க. பத்தொன்பது இடம், கோல்மன்! படிக்கிற பசங்க தூங்கிடுவாங்க."

"ஓஹோ. கிழவன் வாய்க்கு வந்ததை உளறுறான்னு நெனச்சிட்ட. படிச்ச மகராசியாச்சே!"

நெஸ்ஸாவுக்குச் சுருக்கென்றது. அவள் வளர்ந்த வீட்டிலும் கன்றுக்குட்டியைக்கூட அந்த இரண்டு சொல் சேர்க்காமல் யாரும் புகழ மாட்டார்கள். அதெல்லாம் பேச்சுக்குத்தான், அச்சில் எதற்கு என்று நினைத்துவிட்டாள்.

"பொண்ணு பேரையும் மாத்தியிருக்க. யார் பேரு இது?"

"என் மக பேரு. தன் பேரைத்தான் வைக்கணும்னு ஒரே அடம்."

கோல்மன் புத்தகத்தை மூடினார். அவர் முகத்தில் கோபம் போய் வேறென்னவோ வந்திருந்தது.

"பெத்த மக பேரைப் போட்டு, இவளை மாதிரி அழகி எங்கயும் இல்லன்னு எழுதி, காவலையும் பிடுங்கிட்டியேடி! அந்த ரெண்டு சொல் இல்லாம புகழ்ந்தா, வந்து எடுத்துக்கோங்கன்னு அவங்களைக் கூப்பிடுறதுதானே?"

அவங்க யார் என்று நெஸ்ஸா கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் யாரும் அவர்கள் பெயரைச் சொல்வதில்லை. வீட்டுக்குப் பின்னால் முள்மரங்கள் வளைத்து நின்ற மேடு அவர்களுடையது. அதற்கடியில் இருந்துகொண்டு அழகான பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பேச்சு; அதில் ஏர் பட்டதே இல்லை.

"எத்தனை புத்தகம் அடிச்ச?"

"ரெண்டாயிரம். திங்கக்கிழமையே கடைக்குப் போயிடுச்சு."

"அப்ப ரெண்டாயிரம் வீட்டுல சத்தம் போட்டு வாசிக்கிறாங்க."

வெளியே குரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று அடங்கியது.

அடுப்புப் புகை மேலே போகாமல் தரையில் படர்ந்தது. புதிதாகத் தோண்டிய மண்ணின் ஈர வாடை அறைக்குள் வந்தது.

பிறகு ஒரு குரல். எழுத்துக் கூட்டிப் படிக்கும் சின்னப் பிள்ளையின் குரல். மேட்டிலிருந்து வந்தது.

"ஏத்னாவைப் போல் அழகி எங்கும் இல்லை."

இன்னொரு குரல் அதையே படித்தது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. அந்த வரி முடிந்ததும் ஒவ்வொரு குரலும், விட்டுப்போன சொல்லுக்குக் காத்திருப்பதுபோல் ஒரு கணம் நின்று, மறுபடி முதலிலிருந்து படித்தது.

நெஸ்ஸா வெளியே ஓடினாள். முற்றம் காலி.

நாய் அவள் வந்த வண்டிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது.

"ஏத்..." என்று வாயெடுத்தவளின் தோளைக் கோல்மன் அழுத்திப் பிடித்தார்.

"பேரைச் சொல்லாத," என்றார் கிசுகிசுப்பாக. "வெட்டினியே, அதைச் சொல்லு. சீக்கிரம்."

அப்போது வீட்டின் பின்சுவரைச் சுற்றிக்கொண்டு ஏத்னா வந்தாள். அதே சிவப்புச் சட்டை, அதே பின்னல். நெஸ்ஸாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முழங்கால் உயர ஈரப்புல்லில் நடந்து வந்தும் பிள்ளையின் காலுறை நனையவே இல்லை என்பதை அவள் பார்த்தாள். பார்த்தும் அதை நினைக்க மறுத்தாள்.

"கடவுள் காக்க, என் கண்ணே," என்றாள் அழுகையோடு. "கடவுள் காக்க!"

குரல்கள் நின்றன.

சிறுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மேட்டைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னும் சத்தமா சொல்லும்மா. அவளுக்கு அங்க கேக்கல."