போர்மாவில் வெந்த ஊஞ்சல் பலகை

நான் பயந்தாங்கொள்ளி. பல்லி கத்தினாலே இரண்டடி தள்ளி நிற்பேன். அப்படிப்பட்ட என்னை நம்பி, ஓணம் பண்டிகைக்குக் கட்டும் ஊஞ்சலின் பலகையை எங்கள் ஆரியசாலைத் தெருச் சங்கத்தார் ஒப்படைத்தார்கள். நானோ அதை மழையில் விட்டுவிட்டேன்.

பலகை ஊறிப்போனது. சங்கத் தலைவி ரத்னாபாய் அத்தை பார்த்தால் தொலைந்தேன்! அப்பாவின் பேக்கரியில் ரொட்டி சுடும் பெரிய அடுப்பு உண்டு. போர்மா என்போம். நெருப்பை வாரிய பிறகும் அது தகிக்கும். யாருக்கும் தெரியாமல் பலகையை அதற்குள் செருகினேன். பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள்தான் நினைவு வந்தது.

ஓடிப்போய் எடுத்தேன். கரியாகவில்லை! அழகான காப்பி நிறம். கையில் தூக்கினால் அவ்வளவு லேசு.

"அடடா, பாலிஷ் போட்டியா லிபி?" என்று எல்லோரும் பாராட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

கயிறு கட்டி முடித்ததும் பலகையின் ஓரத்தைப் பிடித்தேன். ஒரு துண்டு 'மொறுக்'கென்று கையோடு வந்தது. ரஸ்க் மாதிரி!

துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"மாறி நில்லு மக்ளே. முதல் ஆட்டம் தலைவிக்குத்தான், கேட்டோ!" ரத்னாபாய் அத்தை சேலையைச் செருகிக்கொண்டு வந்தார்.

"அத்தை... நாளைக்கு ஆடுங்களேன்."

"ஏன், இன்னிக்கு ஊஞ்சலுக்கு லீவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கீழே பார்த்தேன். கருங்கல் தரை. சொன்னால் எனக்குத் திட்டு விழும். சொல்லாவிட்டால் அத்தையே விழுவார். அத்தை உட்காரப் போனார்.

பாய்ந்து பலகையைக் கட்டிப்பிடித்தேன். "உட்காராதீங்க! இதை நான் போர்மாவுல வச்சு மறந்துட்டேன்!"

கூட்டத்தில் நின்ற அப்பாவின் முகம் மாறியது. அத்தையோ, "ஐயே, சூடு காட்டினா மரம் உறுதியாகத்தானே செய்யும்?" என்றார்.

"அளவாக் காட்டினா சரி அத்தை. இது ஓவராயிட்டு. வேணும்னா, முதல்ல ஒரு மைதா மூட்டையை உட்கார வைப்போம். ப்ளீஸ்!"

அப்பா மூட்டையைக் கொண்டுவந்து வைத்து, லேசாக ஆட்டினார். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை...

'படார்!'

பலகை நடுவில் முறிந்தது. மூட்டை கிழிந்து தெருவெல்லாம் வெள்ளைப் புகை.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"மூட்டை எத்தனை கிலோ?" அத்தை மெல்லக் கேட்டார்.

"ஐம்பது," என்றார் அப்பா.

அத்தை தன் எடையைச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். என் நடுக்கம் அவருக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். நல்லவேளை, அவர் கை அதைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது.