சொருகாத மைக்

1999 வைகாசியில், பெல்சியும் தம்பி ஆன்றோவும் காரைக்குடியில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து கம்ப்யூட்டர் சென்டர் போட வந்தார்கள். ஞாயிறு திறப்பு விழா. முகப்பில் ஒரு கம்ப்யூட்டர், வளவு என்கிற உள்முற்றத்தின் அந்தப் பக்க அறையில் இன்னொன்று. நடுவில் இருந்தது, வீட்டுக்காரரின் பங்காளி பர்மா போனபின் அவர் மனைவி தனியாக இருந்த அறை. பல வருடமாகத் திறக்காதது.

"அந்தப் பூட்டத் தொட்றாதீக," என்று சாவி கொடுத்த முத்தப்பன் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆன்றோ பூட்டைத் தொடவில்லை. இரண்டு சுவரிலும் ஓட்டை போட்டு, கம்பியில் கட்டி, இரண்டு கம்ப்யூட்டரையும் இணைக்கும் ஒயரை அந்த அறை வழியாகவே தள்ளிவிட்டான். அன்றிலிருந்து ஓட்டையில் தலையெண்ணெய்ச் சிக்கு வாடை வந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டரில் ஓர் ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தார்கள். துப்பாக்கியோடு துரத்துகிற ஆட்டம். மைக்கில் பேசிக்கொண்டே ஆடலாம். முகப்பில் உட்கார்ந்திருந்த பெல்சியின் ஹெட்போனில் முதலில் ஒரே இரைச்சல்.

"டேய், கேக்குதாடா?" என்று கத்தினாள்.

"வாய மூடுடி."

பெல்சிக்குச் சுர்ரென்று ஏறியது. பெற்ற தாய்போல வளர்த்தவளை 'டி' போடுகிறானா? மறுபடி கூப்பிட்டாள்.

"வாய மூடுடின்னேன்ல."

கரகரத்த குரல். அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. விறுவிறுவென்று ஆன்றோ இருந்த அறைக்குப் போய்ப் பளாரென்று ஒன்று விட்டாள்.

"நான் பேசவே இல்லக்கா! மைக்கே இன்னும் சொருகல, பாரு!"

அவள் பார்க்கவில்லை. "எம்மொகத்துல முழிக்காத, போடா!"

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவன் வெளியே போனான். அதன்பிறகுதான் மேசையைப் பார்த்தாள். மைக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.



வாசலுக்கு ஓடினாள். தெருவில் வெயிலைத் தவிர யாருமில்லை. அவன் செருப்பு படியிலேயே கிடந்தது.

முகப்பில் ஹெட்போன் முனகியது. எடுத்து மாட்டினாள்.

"அக்கா."

"எங்கடா இருக்க? அக்கா அடிச்சது தப்புடா, வந்துர்றா!"

திரும்பிப் பார்த்தாள். பங்காளி அறையின் பூட்டு துருவோடு அப்படியே தொங்கியது.

அந்த அறை வழியாக வந்த ஒயரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி எறிந்தாள்.

குரல் நிற்கவில்லை.

"கத்தாதக்கா," என்று கிசுகிசுத்தான் ஆன்றோ. "அந்தம்மா இப்பத்தான் என்னய மடியில போட்டுக்கிட்டுக் கண்ணசந்திருக்காக."