திருப்பித் தராத லைன் க்ளியர்

புயல் ஓய்ந்து வெயிலும் வந்துவிட்டது. அந்தக் கம்பியில் மட்டும் காக்கை உட்காரவில்லை. திருவேற்காட்டில் அந்தத் தெருவே மின்சாரமில்லாமல் கிடந்தது. சாயங்காலம் கூடு திரும்பும் காக்கைகள் சுதா வீட்டெதிரே இருந்த கம்பத்தை நெருங்கியதும் ஒதுங்கி, சுற்றிக்கொண்டு பறந்தன. அவள் கணவன், லைன்மேன் தமிழரசு, புயல் வேலையில் அதில்தான் செத்தான். துணைமின் நிலையத்தில் லைன் க்ளியர் வாங்கி, மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் ஏறினான். பக்கத்து அடுக்குமாடியில் யாரோ மெயினை அணைக்காமல் ஜெனரேட்டரைப் போட, அந்த மின்சாரம் கம்பி வழியே திரும்பி வந்து அவனைப் பிடித்துக்கொண்டது.

"லைன்மேன் ஊடு கீற தெரு. இங்கயே கரண்டு இல்ல," என்ற எதிர்வீட்டுப் பார்வதம் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரருக்கு ஆக்ஸிஜன் மெஷின் ஓடியாக வேண்டும். வாங்கி வைத்த சிலிண்டரும் தீரப்போகிறது.

விளக்கு வைக்கும் நேரத்தில் தமிழரசுவோடு வேலை பார்த்த ஹேமநாதன் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"லைன்ல ஒரு கோளாறும் இல்ல அண்ணி. ஆனா போட்டா உடனே ட்ரிப் ஆவுது. லைன் க்ளியர் வாங்கினவருதான் எறங்கிட்டேன்னு சொல்லித் திருப்பிக் குடுக்கணும். அண்ணனுக்குப் பதிலா நான் சொன்னேன். அப்ப ஆபீஸ் போன் அடிச்சுது."

"யாரு?"

"அண்ணன். 'டேய் ஹேமா, நான் இன்னும் மேலதான்டா கீறேன்'னாரு. நீங்க சொன்னா எறங்குவாரு."

இறங்கிவிட்டால் அந்தக் குரலும் போய்விடும். எதிர்வீட்டிலிருந்து இருமல் இழுத்து இழுத்து வந்தது. சுதா எழுந்து போனாள்.

கம்பத்தடியில் சேறும் கருகிய ரப்பரும் நாறின. அண்ணாந்து பார்த்தால் வானத்தைவிடக் கறுப்பாகக் கம்பிகள் மட்டும். ஆனாலும் அங்கிருந்து, வேலை முடிந்து மாடிப்படி ஏறி வருகையில் அவனுக்கு வாங்குமே, அதே மூச்சு.

"எறங்குங்க," என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"ஊட்டுக்கு வாங்க."

மூச்சு நின்றது.

தெரு முழுக்க வெளிச்சம். மெஷின் ஓடும் சத்தம். பார்வதத்தின் நிம்மதி அழுகை.

சுதாவின் வீடு மட்டும் இருட்டு.

உள்ளே போனாள். சுவிட்சைத் தட்டினாள்.

கூடத்தில் தமிழரசு நின்றிருந்தான். இரண்டு கைகளும் தலைக்கு மேலே. விரல்கள் எதையோ இறுக்கியபடி.

"வந்துட்டேன் சுதா. கையதான் எறக்க முடியல."